கிரீடம் குத்திய பேட்டரி

அன்று காலை ஷுக்ரியின் காரை யாரும் தள்ளக் கூடாது என்று தம்பையா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாவியைத் திருப்பினால் தானாகக் கிளம்ப வேண்டும். அதுதான் சோதனை.

தம்பையா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர். போன மாசியில் அவர் மனைவி கருப்பம்மா பிரசவ வலியில் துடித்தபோது தோட்டத்து லொறி கிளம்பவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. ஆட்கள் தள்ளித் தள்ளி லொறி உறுமியபோது கருப்பம்மா உயிரோடு இல்லை.

அதன் பிறகுதான் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் குடியிருந்த ஜனங்கள் கூடிப் பேசினார்கள். இனி லொறியை நம்ப வேண்டாம், ஆஸ்பத்திரி அவசரத்துக்கு வாடகைக்கு ஓடும் ஒரு ஹயர் காரைப் பேசி வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. எந்தக் காரை நம்பலாம் என்று பார்த்துவரத் தம்பையா அப்புத்தளைக்கு வந்திருந்தார்.

ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்றவை இரண்டே கார்கள். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் இத்ரூஸுடையது இங்கிலீஷ் கார். ஷுக்ரியுடையது ஜப்பான் கார். இரண்டிலும் கம்பெனிக்காரனே பூட்டி அனுப்பிய பேட்டரிதான். இலங்கைக்கு வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. புதுப் பேட்டரியைக் கனவில்தான் பார்க்கலாம்.

ஆகவே எந்த ஊர் பேட்டரி உசத்தி என்ற வழக்கு அங்கே தினமும் நடந்தது. இத்ரூஸ்தான் வக்கீல், தீர்ப்பும் அவரே சொல்லிவிடுவார்.

"என்ட பேட்டரியில கிரீடம் குத்தி ஈக்கு. சும்மாவா குத்துவான் வெள்ளைக்காரன்?" என்பார்.

ஷுக்ரி வாயைத் திறப்பதில்லை. ஒரு வருஷமாகத் தள்ளாமல் கிளம்பாத காரை வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசுவது என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். அவருக்கு ஹயர் வருவதும் பாதியாகக் குறைந்திருந்தது.

சோதனைக்காக இரண்டு கார்களும் இரவெல்லாம் பனியில் நின்றிருந்தன. இத்ரூஸ் ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. என்ஜின் பிடித்துக்கொண்டது. கூடி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

ஷுக்ரி திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார். அந்தச் சத்தமும் இல்லை.

தம்பையாவுக்கு லொறி ஞாபகம் வந்துவிட்டது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"கெளம்பாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே ரோட்டுல நிறுத்தி ஆள ஏத்துறீங்களே தம்பி, ஒங்களுக்கு மனசாட்சி இல்லையா? இத நம்பியிருந்தா இன்னொரு உசுரும் போயிருக்கும்."

ஷுக்ரி கீழே இறங்கினார்.

"இத்ரூஸ் நானாட காரையே பேசிக்கங்க அண்ணே. அத நம்பலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தார். இத்ரூஸ் பின்னாலிருந்து ஜப்பான்காரனைப் பற்றி ஏதோ கேலி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பையா சிரிக்கவில்லை. உயிர் விஷயம். எதற்கும் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஸமீமின் கடைக்குப் போனார். இத்ரூஸ் காரில் இருக்கும் பேட்டரி இன்னும் எத்தனை காலத்துக்குத் தாங்கும் என்று விசாரித்தார்.

ரெண்டு வருஷத்துக்குப் பயமில்லை என்றார் ஸமீம். சொல்லும்போது தம்பையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஷுக்ரி வைத்துவிட்டுப் போயிருந்த பேட்டரியின் அழுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் பூசியிருந்த தார் ஓரிடத்தில் பெயர்ந்து கையோடு வந்தது.

அதன் கீழே ஒரு கிரீடம் இருந்தது.

தம்பையா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். அச்சில் வார்த்த கிரீடம்தான்.

"இது இத்ரூஸ் நானாவோட பேட்டரியில்ல?"

ஸமீம் கடை வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

போன வருஷம் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இத்ரூஸ் போன இடம் பதுளை ஆஸ்பத்திரி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். நோயாளி என்று தெரிந்தால் யார் ஹயர் கூப்பிடுவார்கள் என்று அவர் வெளியே மூச்சு விடவில்லை. கூட்டிக்கொண்டு போய் வந்தது ஷுக்ரி. பாரம் தூக்கக் கூடாது, முக்கியமாக பேட்டரி வேலை செய்யாதபோது என்ஜினைக் கிளப்ப முன்னால் செருகிச் சுற்றும் அந்தக் கார் ஹேண்டிலைச் சுற்றவே கூடாது, தையல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அடுத்த மாதமே இத்ரூஸின் பேட்டரி படுத்துவிட்டது.

"சார்ஜ் ஏத்த இங்க கொண்டாந்து வச்சிட்டுப் போனாரு. அன்டைக்கு ராவே ஷுக்ரி தன்ட பேட்டரியக் கழட்டிக்கிட்டு வந்தான். அடையாளம் தெரியாம ரெண்டுக்கும் தார் பூசி நான்தான் மாத்திப் பூட்டினேன். சார்ஜ் ஏறினதும் சரியாயிட்டுது என்டு நானா நம்பிக்கிட்டு ஈக்காரு."

காலையில் தான் கேட்ட கேள்வி அவருக்கே நெஞ்சில் குத்தியது. ஷுக்ரியை மனசாட்சி இல்லாதவர் என்று ஊர் முன்னால் சொல்லியிருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா?" என்றார்.

"நீங்களும் சொல்லிப்போடாதீங்க அண்ணே. நானாக்குத் தெரிஞ்சா இன்டைக்கே பேட்டரியத் திருப்பிக் குடுத்துட்டு, நாளைக்கு ஹேண்டிலத் தூக்கிருவாரு."

தம்பையா மூலையில் இருந்த தார் டப்பாவை எடுத்தார். பிரஷ்ஷைத் தோய்த்து, அந்தக் கிரீடத்தின் மேல் தானே அழுத்திப் பூசினார்.