எழுபது சதவீதம்

முப்பது என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வானிலை அலுவலகத்தில் இருபத்தாறு வருடங்களாக அவளுக்கு வராத நினைப்பு இது. இடிமழை வாய்ப்பைப் பதினொரு மணிக்குத் திருத்தி வெளியிட வேண்டும். திரையில் தெற்கு மேகம் தடித்துக்கொண்டே வந்தது.

மகள் மூன்றாவது முறையாக ஃபோன் செய்தாள்.

“அம்மா, காலையில நீ போட்ட எழுபது சதவீதத்தைப் பார்த்துட்டு பாதிப் பேர் வரலைங்கிறாங்க. தோட்டத்துல கல்யாணம்னு ஆறு மாசமா நான் பார்த்துப் பார்த்துச் செஞ்சதெல்லாம் வீணாப் போகுது. இன்னைக்கு ஒருநாள் குறைச்சுப் போடேன்.”

“சாயங்காலம் இடி விழுறப்ப ஜனங்களை மரத்தடியில உட்கார வைக்கச் சொல்றியா? நாற்காலியெல்லாம் உள்ளே எடுத்துப் போடு.”

“வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்ல உனக்கு வாய் வராதே. மாப்பிள்ளை பாவம், இப்பவே குடையும் கையுமா நிக்கறார்.”

“என்ன சொல்றார்?”

“சிரிக்கிறார். ‘உங்கம்மா இப்படித்தான்னு தெரிஞ்சுதானே அவங்களைக் கட்டிக்கப் போறேன்’ங்கிறார்.”

ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

“கல்யாணப் பொண்ணே, அவருக்காகவாவது அம்பதாக்கேன்.”

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள்.

“முடியாதுடி கண்ணு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எழுபதை எண்பதாகத் திருத்தி வெளியிட்டாள்.