மயிலாத்தாவின் முன்பல்

மயிலாத்தாவின் வாய்க்குள் மூன்றே வினாடி பார்த்துவிட்டு, கருவி சிவப்பு விளக்கைக் காட்டியது. முன்பல்லில் விரிசல், பிடுங்க வேண்டும். சிவப்பு எரிந்தால் பல் பிடுங்கும் குறடு எடுக்க வேண்டியதுதான். பல் டாக்டர்களுக்கு இப்போது அவ்வளவுதான் வேலை.

ஈறு வீங்கவில்லை, சீழ் இல்லை. விரலால் அசைத்தேன். பல் அசையவே இல்லை. நுனியில் மட்டும் சின்ன வெட்டு.

“அக்கா, நூலைப் பல்லுல கடிக்கிறீங்களா?”

“பின்ன? கத்தரியத் தேடிட்டிருந்தா பனியன் கம்பெனில வேல நடக்குமா கண்ணு? எங்க லைன்ல எல்லாருக்கும் இந்த வெட்டு இருந்துச்சு. நீங்கதான் பிடுங்கி விட்டுட்டீங்களே. போன மாசம் என் தங்கச்சிக்கு நீதான் பிடுங்குன.”

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. தேய்மானத்தை விரிசல் என்கிறது இந்தச் சனியன். படித்துப் பட்டம் வாங்கிய நானும் கேள்வி கேட்காமல் பிடுங்கியிருக்கிறேன்.

மறுப்புப் பொத்தானை அழுத்தினேன். ‘முதல் மறுப்பு. மூன்றாவது மறுப்பில் பணிநீக்கம்’ என்றது திரை.

“எந்திரிங்கக்கா. பல்லு நல்லா இருக்கு.”

“வெளிய எங்க கம்பெனிக்காரிங்க அஞ்சு பேர் இதே வெட்டோட இருக்காங்க கண்ணு.”

“எல்லாரையும் வரச் சொல்லுங்க” என்றேன்.