ஒரு மணி நேர நடை

எட்டு மணி நேரம் பேக்கரி அடுப்பருகே நின்றுவிட்டு வந்த அம்மா, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்காருகிறாள். கால்கள் விண்விண்ணென்று தெறிக்கின்றன. பதினோரு வயது மகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. இனிப்பை நிறுத்தி, தினமும் ஒரு மணி நேரம் நடக்கவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று இருபதாவது நாள். இன்றைக்கு மட்டும் வேண்டாமென்று மகளே சொல்லிவிட மாட்டாளா என்று அம்மாவுக்கு ஒரு நப்பாசை. அவளோ மூச்சு வாங்கக் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். சாயும் வெயில் அவள் கழுத்து வியர்வையில் மினுங்குகிறது. கட்டி முடித்ததும் கை கொடுத்து அம்மாவை எழுப்பிவிடுகிறாள்; அப்படியே தோளில் மூக்கைப் புதைத்து மூச்சை இழுக்கிறாள். "கேக் வாசனைம்மா." அம்மாவுக்குச் சுருக்கென்கிறது. "இரு, குளிச்சிட்டு வந்துடறேன்." "வேணாம்மா. இப்படியே என் பக்கத்துல நட."