முதுகுப் பாடம்

உடற்கூறு சொல்லித்தரப் பயிற்சி எடுத்த நர்சுகளுக்கு, தசைகளை வரைந்து காட்ட உயிருள்ள ஒரு முதுகு தேவைப்பட்டது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தன் புருஷன் சுடலையை, அவர்களில் ஒருத்தியான பேச்சிதான் பெருமையாகக் கூட்டிவந்தாள். முதலில் கூடப் படிக்கும் ரெஜினா வரைந்தாள். தோளிலிருந்து இடுப்புவரை நீல மையை நிதானமாக ஓட்டிவிட்டு, "புஸ்தகத்துலகூட இப்படி ஒரு முதுகு இல்லக்கா. குடுத்துவச்சவ நீ" என்றாள். வகுப்பே சிரித்தது. பன்னிரண்டு வருஷமாக அதில் தைலம் தேய்த்த பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்தது அவள் முறை. ஸ்பிரிட் பஞ்சால் அழிக்கத் தொடங்கினாள்.

"மெதுவாட்டி, தோலு உரியுது."

"அவ வரையும்போது கூசலையோ?"

சுடலை தலையைக் குனிந்து சிரித்தான். நீலம் எப்போதோ போய்விட்டது. பேச்சி இன்னொரு பஞ்சை நனைத்தாள்.