வலிச்சா கையைத் தூக்குங்க

நாற்காலி பின்னால் சாய்ந்து, கால் மேலும் தலை கீழுமாக நின்றபோதுதான் சினிமா விமர்சகர் அதைப் பார்த்தார்.

கூரையில் ஒரு போஸ்டர். நீலச் சட்டை, வெள்ளிக் கையுறை, மணிக்கட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம். அதைத் திருகிக் காலத்தில் பின்னோக்கிப் போகிற சூப்பர் ஹீரோ, சுட்டுவிரலை நேராக விமர்சகரின் மூக்கை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

“என் தம்பி எடுத்த படம். படுத்திருக்கறவங்களுக்கும் பொழுது போகணும்ல,” என்றார் பல் டாக்டர், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே.

விமர்சகருக்கு வாய் உலர்ந்துபோனது. உலர்ந்த வாயைத் திறக்கச் சொல்லி ஊசி போட்ட டாக்டர், மரத்துப்போகும்வரை காத்திருந்து பஞ்சை அடைத்தார்.

அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம் அன்று காலைப் பத்திரிகையில்தான் வந்திருந்தது. எழுதியவர் ‘கத்தரி’. கத்தரி இப்போது வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்தார்.

கதை இதுதான். கடிகாரத்தை ஒரே ஒரு முறைதான் திருக முடியும். பின்னோக்கிப் போனால், உடையப்போகும் அணையைத் தடுத்து ஊரைக் காப்பாற்றலாம். அல்லது அதே வேளையில் ஆற்றில் தவறி விழுந்த அண்ணனைக் காப்பாற்றலாம். ஊரா, அண்ணனா? இதை இடைவேளையில் யோசிக்கத் தொடங்கிய ஹீரோ, மக்கள் செருப்பைத் தேடும்வரை யோசித்தான்.

‘அவன் யோசிக்க ஆரம்பித்தபோது என் மீசை கறுப்பாக இருந்தது’ என்று எழுதியிருந்தார் கத்தரி. அதைவிடக் கடைசி வரிதான் அவருக்குச் செல்லம். எழுதிய கையோடு அடுப்படிவரை போய் மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு எங்க போறோம்னு ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

ஞாபகம் இல்லாமல் என்ன? படம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், ஏற்கெனவே சொத்தையாக இருந்த கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. இது உவமை இல்லை.

“வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்,” என்று குறடை எடுத்தார் டாக்டர். பிறகு சாவகாசமாக, “பேப்பர்ல விமர்சனம் வந்திருக்கே, பார்த்தீங்களா?” என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது வாயை மூட முடியும்.

விமர்சகர் யோசித்தார். எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட யாருக்காகவும் மாற்றாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். மாமனார் நடித்த நாடகத்தையே கிழித்துத் தோரணம் கட்டியவர். அன்றிலிருந்து மாமியார் வீட்டில் அவருக்கு ஆறிப்போன காபிதான். அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

ஆனால், பிடுங்க வேண்டியது ஒரே ஒரு பல். அதற்குப் பக்கத்தில் நல்ல பற்கள் இருந்தன. குறடு தம்பிப் பாசம் உள்ளவர் கையில் இருந்தது.

அந்தக் கடிகாரம் மட்டும் தன் கையில் இருந்தால்? விமர்சனத்தை மாற்றி எழுதியிருப்பாரா? சத்தியமாக மாட்டார். வேறு டாக்டரிடம் போயிருப்பார்.

மானமா, பல்லா? ஹீரோவின் கஷ்டம் முதல்முறையாக அவருக்குப் புரிந்தது. இவ்வளவு நேரம் யோசிக்க வேண்டிய விஷயம்தான். மேலே அவன் விரலை நீட்டியபடியே இருந்தான்.

கடைசியில் விமர்சகர் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார். படம் பிரமாதம்.

“வலிக்குதா?”

இல்லை என்று தலையாட்டி, அதே கட்டைவிரலால் போஸ்டரைக் காட்டினார்.

“ஓ, படமா? குப்பைங்க. நீங்க எழுதினதுதான் சரி, கத்தரி சார்,” என்றார் டாக்டர். “உங்க வீட்டம்மா போன்லயே எல்லாம் சொல்லிட்டாங்க. ஊரைக் காப்பாத்திட்டு அண்ணனை ஆத்தோட விட்டுட்டான் பாருங்க, எனக்கு அப்பவே மனசு விட்டுப்போச்சு.”

விமர்சகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. யாரும் கேட்காத ஒரு பொய்யைச் சொன்ன கட்டைவிரல் இன்னும் நிமிர்ந்தே இருந்தது. அதை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

டாக்டர் ஒரு சின்னக் கிண்ணத்தை அவர் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார். அதற்குள் வேரோடு கிடந்தது பிளந்த பல்.

“நீங்க யோசிச்சிட்டு இருந்தப்பவே வந்துருச்சு. தெரிஞ்சுதா?”

தெரியவில்லை. எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியவில்லை. விமர்சகர் நன்றியோடு தலையாட்டினார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த பத்திரிகையை எடுத்தார். பேனாவால் அடிக்கோடிட்ட கடைசி வரியை நிதானமாக வாசித்தார்.

“‘மொத்தத்தில், இரண்டரை மணி நேரம் பல் பிடுங்கிக்கொண்ட வேதனை.’”

பத்திரிகையை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“தம்பி படத்தை என்ன வேணா சொல்லுங்க. இந்த ஒரு வரிக்கு மட்டும் நாளைக்கு ஒரு திருத்தம் போட்டுடுங்க.”

அந்தக் காலைப்பொழுதில் முதல்முறையாக விமர்சகருக்கு வலித்தது.

கையைத் தூக்கினார்.