அகஸ்டினாவின் முட்டி வலி

"நீ உக்காந்து தைப்ப, கால் ஒடிஞ்சவன் மிதிக்கணுமா?"

வாசற்படி ஏறும்போதே சூசைமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே தையல் மிஷினுக்கு முன்னால் தம்பி பெண்டாட்டி அகஸ்டினா துணியைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்து முக்காலியில் தம்பி சவரிராயன். மிதியில் இருந்தது அவனுடைய வலது கால். ஒவ்வொரு மிதிக்கும் பல்லைக் கடித்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

மில்லில் துணிப்பொதி சரிந்து விழுந்து முட்டி நொறுங்கியவன் அவன். மாவுக்கட்டைப் பிரித்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்த முட்டி பழையபடி மடங்கினால்தான் மறுபடியும் தறிக்குப் போக முடியும்.

"எனக்கு முட்டி வலி அண்ணி. கன்னியர் மடத்துல நூறு தலகாணி உறை கேட்டிருக்காங்க. நாள் ஓடுது" என்றாள் அகஸ்டினா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சவரிராயனும் பெண்டாட்டிக்குப் பரிந்துகொண்டு வந்தான். பாவம், அவளால் முடிந்தால் என்னிடம் கேட்பாளா, சும்மா கிடக்கிறவன்தானே மிதித்துக் கொடுத்தால் என்ன என்றான்.

சூசைமேரி லேசில் விடுகிற ஆள் இல்லை. நெல்லித்தோப்பிலிருந்து தினம் வந்து போனாள். அரிசியும் பருப்பும் அகஸ்டினாவின் மூலக்குளத்துத் தாய்வீட்டிலிருந்து மூட்டையாக வந்து இறங்குவதைப் பார்த்தாள். சோற்றுக்குக் குறைவில்லாதபோது இவளுக்கு ஏன் இந்தப் பேராசை என்று மனம் கொதித்தது. தம்பி சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் போதும், அகஸ்டினா துணியைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஐந்தாம் நாள் அவள் வசமாக மாட்டினாள். தெருக்குழாயிலிருந்து, இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், விடுவிடென்று நடந்து வந்துகொண்டிருந்தாள் அந்த முட்டி வலிக்காரி.

சூசைமேரி நேரே தம்பியிடம் போனாள்.

"உன் பெண்டாட்டிக்கு முட்டி வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா. ரெண்டு கொடம் தூக்கிட்டு ஓடியாறா. உன்ன மாடாட்டம் வேலை வாங்கறா."

சவரிராயன் வாசலைப் பார்த்தான். நிரம்பிய குடங்களோடு அகஸ்டினா நின்றுகொண்டிருந்தாள். அவன் மெல்ல மிதியிலிருந்து காலை எடுத்தான்.

தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக அன்றைக்கே ரிக்‌ஷா கொண்டுவந்தாள் சூசைமேரி. அவன் ஏறும்போது அகஸ்டினா சூசைமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு மாசம் இங்க இருக்கட்டும் அண்ணி" என்றாள். சூசைமேரி கையை உதறிவிட்டு ஏறிக்கொண்டாள்.

நெல்லித்தோப்பில் தம்பிக்கு ராஜ உபசாரம். கட்டில், காலுக்குத் தலையணை, தினம் ஆட்டுக்கால் சூப்பு. ஒரு துரும்பைக்கூட அவனை நகர்த்த விடவில்லை. கூடப் பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கோயிலுக்கு வருகிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். அது தன் காதில் விழும்படி சூசைமேரி கொஞ்சம் மெதுவாகவே நடந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வெள்ளைக்கார டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். அது மரக்கட்டையாக நின்றது. அவர் பிரெஞ்சில் சத்தம் போட்டார். கம்பவுண்டர் இராமதாஸ் சூசைமேரியைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

"தினம் ஆயிரம் தடவை மிதிக்கணும், தையல் மிஷின் இருந்தா அதுலயே மிதின்னு டாக்டர் முசே கட்டுப் பிரிச்ச அன்னிக்கே சொன்னாரும்மா. ரெண்டு நாள் மிதிச்சுட்டு, வலி தாங்கல, கால் போனா போவுதுன்னு உங்க தம்பி முக்காலிய வீசிட்டாராம். அந்தப் பொண்ணு இங்க வந்து அழுதுச்சு. அப்புறம் எப்படியோ மிதிக்க வெச்சுட்டேன்னுச்சு. ஏன் நிறுத்துனீங்க? இனிமே மடங்கறது சந்தேகம். இன்னிக்கே மறுபடி ஆரம்பிச்சா கொஞ்சம் மடங்கலாம்னு சொல்றாரு."

சூசைமேரி தம்பியை வீட்டில் விட்டுவிட்டு, வெயிலென்றும் பாராமல் அகஸ்டினாவிடம் ஓடினாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொன்னா நீங்க அன்னிக்கே அவர்கிட்ட சொல்லியிருப்பீங்க அண்ணி. தன் காலுக்குன்னா அவர் மிதிக்கல. எனக்கு முடியலன்னு சொன்னதும் மிதிச்சாரு."

அது உண்மைதான். தன் நாக்கைப் பற்றி அவளுக்கே தெரியும். தலை குனிந்தபடி, ஏதாவது ஒரு வேலையாவது செய்துகொடுத்துப் பாவம் கழுவ நினைத்தாள். தைத்து முடித்த உறைகளைக் கொடு, மடத்தில் நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றாள்.

அகஸ்டினா மிஷின் டிராயரை இழுத்து, மடித்த துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஒரு முழ வெள்ளைத் துணி. சூசைமேரி அதை விரித்தாள். ஒரு தையல்கூட இல்லை. ஆனால் துணி முழுக்க, வரிசைமேல் வரிசையாக ஊசித் துளைகள். மாவு சலிக்கிற சல்லடையைப் போல இருந்தது.

"மடத்துல யாரும் உறை கேக்கல அண்ணி. அவர் தூங்கறப்ப தையலப் பிரிச்சுடுவேன். மறுநாளும் இதையேதான் தைப்பேன்."

சூசைமேரி அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தம்பியை இப்போதே கூட்டி வந்துவிடுகிறேன், இன்றைக்கே மிதிக்கட்டும் என்று தேம்பினாள்.

அகஸ்டினா துணியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மறுபடியும் மடித்தாள்.

"கூட்டிட்டு வாங்க. ஆனா இனிமே எனக்கு முட்டி வலின்னு சொன்னா, அவர் நம்புவாரா அண்ணி?"