உட்கார்ந்திருப்பவர்களின் ஓட்டு

சட்டமன்றத்துக்குள் கடல் புகுந்த பிறகும் கூட்டத்தொடர் தடைபடவில்லை. கடலுக்குச் சுவர் கட்ட வேண்டும் என்பதில் இரண்டு கட்சிகளுக்கும் சண்டையே கிடையாது. மசோதாவை நேரடியாக நிறைவேற்றுவதா, முதலில் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவதா என்பதுதான் தகராறு.

"குழுவுக்கு அனுப்பலாம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள். வேண்டாம் என்பவர்கள் உட்கார்ந்திருங்கள்" என்றார் சபாநாயகர்.

பூங்கோதையின் கட்சி உட்கார வேண்டிய கட்சி. உட்கார்ந்தால் தண்ணீர் உதட்டைத் தொட்டது. எண்ணும் ஊழியர் பரிசலில் பாதி தூரம் வருவதற்குள் ஓர் அலை அவள் தலைக்கு மேல் ஏறியது. இருமிக்கொண்டே எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா, ஒரு ஓட்டு போயிடும்!" என்று கத்தினார் கட்சிக் கொறடா. அவர் நல்ல உயரம்.

"மூச்சு முட்டுதுண்ணே!"

"தலைவருக்கு மட்டும் முட்டலையா? எப்படி உக்காந்திருக்காரு பாரு!"

பார்த்தாள். தலைவரின் இருக்கைமேல் தண்ணீர்தான் தெரிந்தது. சற்று முன்புவரை வந்துகொண்டிருந்த குமிழிகளும் நின்றிருந்தன.

"அண்ணே, தலைவரு..."

ஊழியர் பரிசலிலிருந்து குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். "ஐயா உக்காந்துதான் இருக்காரு" என்று எண்ணிக்கொண்டார்.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா குழுவுக்குப் போனது. அன்று மாலையே பூங்கோதையைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். அறிவிப்பு தலைவர் பெயரிலேயே வந்தது.